காற்றுக்காக வந்த செடி, பூனைக்கு எமன்

தீபாவளி முடிந்து டெல்லியின் வானம் சாம்பல் நிறத்துக்கு மாறும்போது சில வியாபாரங்கள் சூடு பிடிக்கின்றன. முகமூடி, காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம், அடுத்தபடியாகத் தொட்டிச் செடி. இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்களும் சாலையோர நர்சரியில் பேரம் பேசி ஒரு மணி பிளான்ட்டையாவது வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த வீட்டில் பூனையோ நாயோ இருக்கிறதா என்று விற்பவர் கேட்பதில்லை. வாங்குபவருக்கும் அது தோன்றுவதில்லை.

இந்த மோகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. மூடிய அறைகளுக்குள் செடிகளை வைத்து, பென்சீன் போன்ற வாயுக்களை அவை எந்த அளவு குறைக்கின்றன என்று அமெரிக்காவின் நாசா 1989ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டெல்லிக் காற்றால் உடல்நலம் கெட்ட தொழிலதிபர் கமல் மீட்டல், நேரு பிளேஸில் உள்ள தன் அலுவலகக் கட்டடத்தையே செடிகளால் நிரப்பினார். 2009ல் டெட் மேடையில் பேசிய அவர் மூன்று செடிகளைச் சிபாரிசு செய்தார்: அரிக்கா பாம், 'மாமியார் நாக்கு' என்று கேலிப் பெயர் பெற்ற ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட். அரிக்கா என்றால் ஆளுக்குத் தோளுயரச் செடி நான்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த மூன்றும் இன்று நாடெங்கும் வரவேற்பறைகளில் நிற்கின்றன.

மூன்றில் பிராணிகளுக்குப் பயமில்லாதது அரிக்கா மட்டுமே. (பெயரைப் பார்த்து இதைப் பாக்கு மரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது மடகாஸ்கரிலிருந்து வந்த வேறு இனம்.) ஸ்நேக் பிளான்ட்டில் உள்ள சபோனின் என்ற பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மணி பிளான்ட்டின் சமாசாரத்தைத் தமிழ்நாட்டுச் சமையலறைக்கு விளக்கத் தேவையில்லை. கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கு நமநமக்கிறதே, அதே விவகாரம்தான். இரண்டும் ஒரே குடும்பம். ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயிலும் தொண்டையிலும் குத்துகின்றன. நாய் எச்சில் ஒழுக்கும், முகத்தைத் தரையில் தேய்க்கும், தின்ன மறுக்கும். டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி, ஃபிலோடென்ட்ரான் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வேதனை அதிகம், ஆனால் உயிர் போவது அபூர்வம்.

உயிரைக் குடிப்பவை வேறு. முதலாவது, பூங்கொத்துகளில் வரும் அசல் லில்லி. நாய்க்கு இது வயிற்றுக் கோளாறோடு போய்விடும், பூனைக்கு எமன். இலையைக் கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். முதலில் வாந்தி, பிறகு பூனை தேறிவிட்டது போலத் தெரியும். அந்த இடைவெளியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கிறது. 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாமதித்தால் கால்நடை மருத்துவரிடம் செய்வதற்கு அதிகமில்லை. எந்த நச்சு இதைச் செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் இன்னும் உறுதியாகப் பிரித்தெடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு யாராவது லில்லி கொடுத்தால் அதைப் படிக்கட்டிலேயே பக்கத்து வீட்டாரிடம் தந்துவிடுவது உத்தமம், அங்கும் பூனை இல்லாத பட்சத்தில்.

இரண்டாவது, பங்களா வாசல்களில் ஜோடியாக நிற்கும் 'ஸேகோ பாம்' என்ற சைகஸ். ஸேகோ என்றால் ஜவ்வரிசிதானே என்று ஏமாறலாம். சேலத்து ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இது பனை இனமும் அல்ல. செடி முழுவதும் விஷம், விதை கொடிய விஷம். ஒன்றிரண்டு விதைகளைக் கடித்த நாய்க்குக்கூடக் கல்லீரல் கெட்டுப்போகலாம். சிகிச்சை கிடைத்தும் பிழைக்காத நாய்கள் பல.

பெயர்கள் செய்யும் குழப்பம் இதோடு நிற்கவில்லை. பாஸ்டன் ஃபெர்ன் சாது. அஸ்பரகஸ் ஃபெர்ன் ஃபெர்னே அல்ல, தொல்லை தரும். அசல் மூங்கிலால் ஆபத்தில்லை. மேஜைமேல் வைக்கும் 'லக்கி பாம்பூ' மூங்கில் அல்ல, டிரசீனா. அது பூனைக்கு ஆகாது. சோற்றுக் கற்றாழை மனிதருக்கு மருந்து, நாய்க்கும் பூனைக்கும் பேதி. கற்றாழையின் தோற்றமே வேண்டும் என்பவர்கள் அதன் குட்டிச் சாயலான ஹவொர்த்தியாவை வாங்கலாம்.

அரிக்கா, ஹவொர்த்தியா தவிர ஸ்பைடர் பிளான்ட், கலாத்தியா, பெப்பரோமியா, ஹோயா, ஆப்பிரிக்கன் வயலட் ஆகியவையும் பயமில்லாதவை. பால்கனியில் ரோஜாவும் மல்லிகையும் வைக்கலாம், ரோஜா முள் மட்டும் குத்தும். பயமில்லாத செடியையும் வயிறு முட்டத் தின்றால் வாந்தி வரும் என்பது வேறு விஷயம்.

காற்றைச் சுத்தம் செய்யும் செடிகளைக் கைவிட வேண்டியிருக்கிறதே என்று வருந்துவோருக்கு ஆறுதலும் இருக்கிறது. பழைய சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி 2019ல் அமெரிக்காவில் கணக்குப் போட்டார்கள். கட்டடத்தின் இயல்பான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டர் தரைக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டும் என்று தெரிந்தது. அதுவும் வாயுக்களுக்கான கணக்கு. டெல்லியை வாட்டும் நுண்துகள்கள் தனிப் பிரச்சினை. மூலையில் நிற்கும் ஸ்நேக் பிளான்ட்டை அப்புறப்படுத்தினால் காற்றில் பெரிய நஷ்டம் எதுவுமில்லை.

செடியைக் கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு, கடித்த இலையையோ அதன் புகைப்படத்தையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் கூடாது. உப்பே இன்னொரு விஷமாகிவிடும்.

பூனை எப்படியும் ஏதாவது பச்சையைக் கடிக்கும், அது அதன் சுபாவம். வெயில் படும் இடத்தில் ஓர் அகலத் தட்டில் மண் போட்டுக் கோதுமையைத் தூவினால், ஒரு வாரம் பத்து நாளில் அதற்கென்றே புல் தயார்.