நகர மையங்களுக்குப் புத்துயிர்: சேவைகளும் கூட்டுப் பொறுப்பும்

நகரங்களின் வளர்ச்சியை மதிப்பிடும்போது அவற்றின் விளிம்புகளே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன. புதிய குடியிருப்புகள், புறவழிச் சாலைகள், பேரங்காடிகள் ஆகியவை வளர்ச்சியின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. அதே காலத்தில் நகரின் நடுவே உள்ள பழைய கடைவீதியில் மாடி வீடுகள் காலியாவதும், அவை சரக்குக் கிடங்குகளாக மாறுவதும், மாலைக்குப் பின் தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைவதும் அவ்வளவாகக் கவனத்திற்கு வருவதில்லை.

பொருளாதார நோக்கில் இது சிறிய இழப்பன்று. தெரு, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் கால்வாய், மின்கம்பி, பள்ளி, மருத்துவமனை எனப் பல தலைமுறைகளின் பொது முதலீடு நகர மையத்தில் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. அதன் பயன் குறைய விட்டு, அதே வசதிகளைப் புறநகரில் மீண்டும் அமைப்பது ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுப்பதாகும். மேலும், சிறு மூலதனத்தோடு தொழில் நடத்துவோருக்கும், சொந்த வாகனம் இல்லாதோருக்கும் நகர மையமே எளிதில் எட்டக்கூடிய சந்தை. எனவே மையத்தின் நலிவு முதலில் தாக்குவது வசதி குறைந்தவர்களையே.

நகர மையத்தைச் சீரமைப்பது என்றவுடன் தரைக்குக் கல் பதிப்பதும், கட்டட முகப்புக்கு வண்ணம் பூசுவதும், அலங்கார விளக்குகள் நடுவதும் நினைவுக்கு வருகின்றன. இவை பயனற்றவை அல்ல. ஆயினும் ஒரு கடைவீதியை வாழவைப்பவை நாள்தோறும் தவறாது கிடைக்கும் சேவைகளும், அவற்றுக்குப் பொறுப்பேற்கும் கூட்டு ஏற்பாடும் ஆகும்.

நலிவின் காரணங்கள்

அகமதாபாத் நகரின் மதிற்சுவருக்கு உட்பட்ட பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 1411-இல் சுல்தான் அகமது ஷாவால் நிறுவப்பட்ட இந்நகரம், ‘போள்’ எனப்படும் வாயிற்கதவுகள் கொண்ட நெருக்கமான குடியிருப்புச் சந்துகளுக்கும், மரவேலைப்பாடு மிக்க வீடுகளுக்கும் பெயர்பெற்றது. 1892-இல் சபர்மதி ஆற்றின் குறுக்கே எல்லிஸ் பாலம் அமைந்தபின் நகரம் மேற்குக் கரையில் விரியத் தொடங்கியது. நாளடைவில் வசதி படைத்த குடும்பங்களும், அலுவலகங்களும், நவீனக் கடைகளும் மேற்கே சென்றன. 1980-களிலும் அதன் பின்னரும் துணி ஆலைகள் பல மூடப்பட்டதால் பழைய நகரை ஒட்டி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களின் வாங்கும் சக்தியும் குறைந்தது.

இவற்றோடு வேறு காரணங்களும் சேர்ந்தன. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குஜராத்திலும் நடைமுறையில் இருந்தது. வாடகை பல ஆண்டுகள் உயராத நிலையில், வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு ஊக்கம் இல்லாமற் போயிற்று. ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள் பங்காளிகளாக இருந்ததால் பழுதுபார்க்கும் முடிவை எடுப்பதே கடினமாயிற்று. கைவண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் அமைந்த தெருக்களில் மோட்டார் வாகனங்கள் நிறைந்தன. குடும்பம் வெளியேறிய வீட்டில் கிடங்கு புகுந்தது. கிடங்கு பெருகியதால் எஞ்சிய குடும்பங்களும் வெளியேற எண்ணின. இவ்வாறு ஒரு நலிவு மற்றொரு நலிவுக்குக் காரணமாகும் சுழலே நகர மையங்களின் அடிப்படைச் சிக்கல்.

பொறுப்பு சிதறிய சேவைகள்

நகர மையத்திற்குத் தேவைப்படும் சேவைகள் மிகச் சாதாரணமானவை: ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் துப்புரவு, அடைப்பில்லாத வடிகால், எரியும் தெருவிளக்கு, பெண்கள் தயங்காமல் பயன்படுத்தக்கூடிய கழிவறை, குடிநீர், தடையற்ற நடைபாதை, சரக்கு இறக்கக் குறிக்கப்பட்ட நேரம், வாகனம் நிறுத்த ஒழுங்கான இடம், தீ விபத்தின்போது வண்டி உள்ளே வர வழி, பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கத் தொழில்நுட்ப ஆலோசனை, சிறு வியாபாரிக்குக் கடன்.

இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனியே பொறுப்பாளர் உண்டு. துப்புரவு நகராட்சியைச் சேர்ந்தது. போக்குவரத்து ஒழுங்கு காவல்துறையைச் சேர்ந்தது. கம்பிகள் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. பேருந்து வேறொரு கழகத்தைச் சேர்ந்தது. ஆனால் தெரு முழுவதற்கும் பொறுப்பாளர் எவரும் இல்லை. ஒரு துறை செப்பனிட்ட சாலையை மற்றொரு துறை அடுத்த மாதமே தோண்டுவதற்கு இதுவே காரணம்.

வியாபாரிகளே ஒன்றுகூடிச் செய்துகொள்ளலாகாதா என்னும் வினா எழலாம். இங்கே பொருளியலார் நன்கறிந்த ஓர் இடர்ப்பாடு குறுக்கிடுகிறது. தெரு தூய்மையானால் அதன் பயன் சந்தா செலுத்தியவருக்கும் செலுத்தாதவருக்கும் ஒருங்கே கிடைக்கும். செலுத்தாமலே பயன் கிடைக்கும்போது பலர் ஒதுங்கிக்கொள்வர். சிலர் தோளில் மட்டும் சுமை விழும். சில மாதங்களில் அவர்களும் சோர்வர். நல்லெண்ணத்தோடு தொடங்கிய சங்கங்கள் பல தொய்வடைவது இவ்வாறுதான்.

பிற நாடுகளின் அனுபவம்

இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கக் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு வழி காணப்பட்டது. புளூர் தெருவின் மேற்குப் பகுதியில் 1968-இல் சுரங்க ரயில் நீட்டிக்கப்பட்டது. டிராம் வண்டியில் தெருவழியே சென்ற மக்கள் தரைக்கடியில் செல்லத் தொடங்கினர். புதிய பேரங்காடிகளும் வாடிக்கையாளரை ஈர்த்தன. நலிவுற்ற வியாபாரிகளின் முயற்சியால் 1970-இல் வணிக மேம்பாட்டுப் பகுதி ஒன்று அமைந்தது. குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள வணிகர் அனைவரும் ஒரு கூடுதல் தீர்வை செலுத்துவர். நகர நிர்வாகம் அதனை வசூலித்து அப்பகுதியின் குழுவிடமே வழங்கும் என்பது இதன் சாரம். இங்கிலாந்து 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கு வணிகரிடையே வாக்கெடுப்பு நடைபெறும். வாக்களித்தோர் எண்ணிக்கை, அவர்களது சொத்தின் வரிமதிப்பு ஆகிய இரண்டிலும் பெரும்பான்மை தேவை. ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர மீண்டும் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

அமெரிக்காவில் 1977-இல் மூன்று சிறு நகரங்களில் தொடங்கிய முதன்மைத் தெருத் திட்டம் வேறொரு பாடத்தைத் தருகிறது. அமைப்பு, வடிவமைப்பு, விளம்பரம், பொருளாதாரச் சீரமைப்பு என நான்கு துறைகளையும் ஒருங்கே கவனிக்க ஒவ்வொரு நகரிலும் முழுநேர மேலாளர் ஒருவர் அமர்த்தப்பட்டார். தெருவுக்குப் பொறுப்பான ஒரு மனிதர் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

எனினும் இம்முறைகளை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்த்துவிட இயலாது. தீர்வை செலுத்துவோரே முடிவெடுப்போர் என்றால், செலுத்தாத குடியிருப்பாளருக்கும் நடைபாதை வியாபாரிக்கும் குரல் இல்லாமற் போகும். இந்தியக் கடைவீதியின் வணிகத்தில் கணிசமான பகுதி கடைக்கு வெளியே, தரையிலும் தள்ளுவண்டியிலும் நடைபெறுவது.

சட்டம் தரும் அடித்தளம்

கூட்டுப் பொறுப்புக்கான சட்ட அடித்தளம் நம் நாட்டில் ஏற்கெனவே உள்ளது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. நகரமைப்பு, துப்புரவு, தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

தெருவில் வணிகம் செய்வது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமையே என 1989-இல் உச்ச நீதிமன்றம் சோடன் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவ்வுரிமைக்கு நிர்வாக வடிவம் தந்தது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளாகவும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை வியாபாரிகளை அகற்றலாகாது. 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயற்கைச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவித்து, அங்குள்ளோரை இடம்பெயர்க்காதிருத்தல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் நெறி. 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி திட்டம், ஈடின்றி 10,000 ரூபாய் நடைமுறை மூலதனக் கடனில் தொடங்கி, தவணை தவறாதோருக்கு அடுத்தடுத்து உயர்ந்த கடன் வழங்க வகை செய்தது. 2025-இல் முதற்கடனின் வரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அகமதாபாத் தரும் பாடம்

அகமதாபாத் மாநகராட்சி 1996-இல் பாரம்பரியப் பாதுகாப்புக்கென ஒரு தனிப் பிரிவைத் தோற்றுவித்தது. 1997 நவம்பரில் காலுப்பூர் சுவாமிநாராயணர் கோயிலிலிருந்து ஜாமா மசூதி வரை வழிகாட்டியுடன் நடந்து செல்லும் பாரம்பரிய நடைப்பயணம் தொடங்கப்பட்டது. இதற்குப் பெருஞ்செலவு தேவைப்படவில்லை. ஆனால் வெளியூரார் தங்கள் சந்தைத் தேடி வந்து பார்ப்பதைக் கண்ட குடியிருப்போருக்குத் தங்கள் வீடுகளின் மதிப்பு புலப்படலாயிற்று. பழைய கட்டடத்தைப் பாதுகாக்கும் உரிமையாளர், பயன்படுத்த இயலாத கட்டட உரிமையை வேறிடத்தில் பயன்படுத்த விற்கலாம் என்னும் விதி பின்னர் ஏற்பட்டது. 1998-இல் மாநில அரசின் உத்தரவாதமின்றி 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டதன் மூலம், நிதியொழுங்குள்ள உள்ளாட்சியைச் சந்தையும் நம்பும் என்பதை இம்மாநகராட்சி காட்டியது. 2017 ஜூலையில் மதில் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இந்திய நகரங்களுள் இச்சிறப்பை முதலில் பெற்றது அதுவே.

மதில் நகரின் நடுவே உள்ள மானேக் சவுக் மற்றொரு பாடத்தைத் தருகிறது. ஒரே சதுக்கம் காலையில் பசுக்களுக்குத் தீவனம் தரும் இடமாகவும், பகலில் தங்கம் வெள்ளிச் சந்தையாகவும், இரவில் உணவுக் கடைத்தெருவாகவும் இயங்கிவருகிறது. இடம் குறைவாக உள்ள மையப் பகுதியில், நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டால் இடம் பெருகும் என்பதற்கு இது சான்று. இதே சதுக்கத்தில் காய்கறி விற்ற பெண்கள், 1972-இல் இலா பட் நிறுவிய சேவா அமைப்பின் துணையுடன், தங்கள் இடத்துக்காக 1980-களில் உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று. பேச்சுக்கு மேசை இல்லாத இடத்தில் வழக்கே வழியாகிறது.

அகமதாபாத்தின் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடவில்லை. போள்களின் வீடுகள் கிடங்குகளாவதைத் தடுப்பது அங்கு இன்றும் அறைகூவலே.

கட்டி முடித்த பின்

மத்திய அரசின் திட்டங்கள் நகர மையங்களுக்குக் கணிசமான மூலதனம் அளித்துள்ளன. 2015 ஜனவரியில் 12 நகரங்களில் தொடங்கிய ஹிருதய் திட்டம் 2019 மார்ச்சிலும், 100 நகரங்களை உள்ளடக்கிய சீர்மிகு நகரங்கள் திட்டம் 2025 மார்ச்சிலும் நிறைவுற்றன. திட்டம் நிறைவுறும் நாளில்தான் பராமரிப்பு தொடங்குகிறது. மூலதனச் செலவுக்கு மானியம் கிடைக்கிறது. ஆண்டுதோறும் வரும் நடைமுறைச் செலவு உள்ளாட்சியின் தலையில் விழுகிறது.

டெல்லியின் சாந்தினி சவுக்கில், செங்கோட்டையருகிலிருந்து பதேபூரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் நீளத் தெரு புதுப்பிக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்கள் தடை செய்யப்பட்டன. நடப்போருக்கு இது பெரும் மாற்றம். ஆயினும் தடையை மீறும் வாகனங்கள், உடைந்த தரை, பராமரிப்பற்ற கழிவறை பற்றிய புகார்கள் விரைவிலேயே எழுந்தன. ஒரு தெருவை அமைப்பதைவிட அதனை நாள்தோறும் காப்பது கடினம் என்பதை இது உணர்த்துகிறது.

ஒப்பந்தத்தின் கூறுகள்

எனவே கூட்டுப் பொறுப்பு வாய்மொழியாக இல்லாமல் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அதில் நான்கு செய்திகள் தெளிவாக இடம்பெறுதல் நலம்.

முதலாவது, எல்லை. எந்தத் தெரு முதல் எந்தத் தெரு வரை என்பது வரையறுக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, குழு. நகராட்சி, காவல்துறை, கடை உரிமையாளர், வாடகைக் கடைக்காரர், நடைபாதை வியாபாரி, குடியிருப்போர் ஆகிய அனைவருக்கும் இடம் வேண்டும்.

மூன்றாவது, பணம். கணக்கு எளிதே. 200 கடைகள் உள்ள ஒரு வீதியில் கடைக்கு நாளொன்றுக்கு 10 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 60,000 ரூபாய் சேரும். நகராட்சி அதற்கு ஈடான தொகையை, அத்தெருவில் வசூலாகும் வாகன நிறுத்தக் கட்டணத்திலிருந்து திருப்பி அளித்தால் 1,20,000 ரூபாய் ஆகிறது. இத்தொகை வழக்கமான நகராட்சிச் சேவைக்கு மாற்றாக அமையாமல் அதற்கு மேற்பட்டதாக அமைதல் வேண்டும். இல்லையேல் வரி செலுத்துவோர் ஒரே சேவைக்கு மீண்டும் பணம் செலுத்தியவராவர்.

நான்காவது, பொறுப்பாளர். விளக்கு எரியவில்லையென்றால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் அது சரியாகும் என்பது தெருவில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வெற்றியின் அளவுகோலும் மாற வேண்டும். வாடகை உயர்வதை மட்டும் வெற்றியாகக் கொண்டால், அவ்வாடகையைத் தர இயலாமல் வெளியேறிய தையற்காரரும் பூக்காரரும் கணக்கில் வரமாட்டார்கள். மூடிய கடைகள் எத்தனை திறந்தன, இரவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது, முன்பு இருந்த வியாபாரிகளுள் எத்தனை பேர் இன்றும் இருக்கின்றனர் என்பவை ஆண்டுதோறும் எண்ணப்பட வேண்டும்.

புத்துயிர் என்பது பழைய மனிதர்களை அகற்றிப் புதிய முகப்பை அமைப்பதன்று. ஒரு கடைவீதியை நூற்றாண்டுகளாக வாழவைத்தவர்கள் அங்கேயே மேலும் சிறப்பாக வாழ வகைசெய்வதே அதன் பொருள். சட்டமும் நிதிவழிகளும் இருக்கும் நிலையில், அவற்றைத் தெருவளவில் ஒன்றிணைக்கும் நிர்வாக முயற்சியே இன்றைய தேவை.