தோற்கவும் கற்றுத்தரும் பயிற்சியாளர்

பத்து வாய்ப்பில் ஏழு முறை தோற்றுத் திரும்புபவரைத் தேர்ந்த ஆட்டக்காரர் என்று பாராட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. அது அமெரிக்கர்களின் பேஸ்பால். பத்தில் மூன்று முறை பந்தை நன்றாக அடித்துத் தளத்தை அடைந்துவிட்டால், 0.300 சராசரி உடைய நல்ல மட்டையாளர் என்று பெயர். 1941ஆம் ஆண்டு டெட் வில்லியம்ஸ் 0.406 சராசரி பெற்றார். அதன்பின் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ஆகிய இரு பெரும் லீக்குகளிலும் ஒரு முழுப் பருவத்துக்கு 0.400ஐத் தொட்டவர் எவரும் இல்லை.

கணக்கு ஆசிரியரான எனக்கு இந்த எண்கள் மீது ஈர்ப்பு வந்ததில் வியப்பில்லை. ஆனால் எண்களைப் படிக்கப் படிக்க, அவற்றுக்குப் பின்னால் நின்ற ஒரு மனிதரைப் பற்றி அறிய நேர்ந்தது. அவர் கார்டி கில்லெஸ்பி. பெரிய பல்கலைக்கழகங்களில் அல்ல, சிறிய கல்லூரிகளில் 59 பருவங்கள் பேஸ்பால் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்.

முதலில் அந்த நாட்டின் ஏற்பாட்டைச் சுருக்கமாகப் பார்ப்போம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள் உண்டு. தொலைக்காட்சியில் நாம் காணும் பெரிய அரங்குகளும் பெரும் கூட்டமும் பெரும்பாலும் முதல் பிரிவுக்கு உரியவை. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறனுக்காக உதவித்தொகை வழங்கக் கூடாது. படிப்பையோ குடும்ப வருவாயையோ பார்த்துத்தான் உதவ முடியும். இதற்கு வெளியே, சிறிய கல்லூரிகளுக்காக என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும் இயங்குகிறது.

இத்தகைய கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர் என்பது பெயரளவில் ஒரு பதவி, வேலையளவில் பல. உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்குப் போய் மாணவர்களைக் கண்டறிய வேண்டும். பெற்றோரிடம் பேசிக் கல்லூரியில் சேர வைக்க வேண்டும். பயணச் செலவுக்கு நிதி திரட்ட வேண்டும். பல இடங்களில் மைதானத்தின் மண்ணைச் சமன் செய்வதும் அவரே. வீரர்கள் பாடங்களில் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கு உண்டு. வட மாநிலங்களில் பருவம் தொடங்கும்போது மைதானத்தில் பனி கிடக்கும், உள்ளரங்கில்தான் பயிற்சி. உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே பள்ளி முழுவதையும் கவனித்துக்கொள்ளும் நம் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

1926இல் பிறந்த கில்லெஸ்பி, 1953இல் சிகாகோவுக்கு அருகிலுள்ள லூயிஸ் கல்லூரியில் பேஸ்பால் அணியை ஏற்றார். 1974, 1975, 1976 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அந்த அணி என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டம் வென்றது. பிறகு ஜோலியட் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் கல்லூரிக்குச் சென்றார். 1993இல் அங்கும் ஒரு தேசியப் பட்டம் கிடைத்தது. இதனிடையே 1959 முதல் 1985 வரை அதே நகரின் ஜோலியட் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்தும் பயிற்றுவித்தார். கால்பந்து இலையுதிர் காலத்தில், பேஸ்பால் வசந்த காலத்தில் என்பதால் இரண்டும் சாத்தியமாயின. அந்தப் பள்ளி அவர் காலத்தில் ஐந்து முறை மாநிலப் பட்டம் வென்றது.

எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெறுவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பர். அவரோ 1996 பருவத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பன் கல்லூரிக்குப் போனார். ஆயிரத்துக்கும் குறைவான மாணவர்கள் படிக்கும் மூன்றாம் பிரிவுக் கல்லூரி அது. அங்கே பத்துப் பருவங்கள். பின்னர் மீண்டும் புனித பிரான்சிஸ் திரும்பி, 2011இல் 84 வயதில் விடைபெற்றார். 2015இல் மறைந்தார்.

அவர் பெற்ற வெற்றிகள் 1,893. கல்லூரி பேஸ்பாலில் அதுவரை இல்லாத அந்த எண்ணிக்கையை 2014இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆகி கரிடோ கடந்தார். சராசரி பார்த்தால் பருவத்துக்கு 32 வெற்றிகள். ஆனால் நான் நின்று யோசித்தது அடுத்த எண்ணில்தான்: தோல்விகள் 900க்கும் மேல். ஏறத்தாழ மூன்றில் ஓர் ஆட்டம் தோல்வி. அத்தனை முறை தோற்ற மாணவர்களை மறுநாள் காலை மீண்டும் மைதானத்துக்கு வர வைத்தவர் அவர்.

ஒரு கல்லூரி வீரருக்கு நான்கு பருவங்களே வாய்ப்பு. ஆகவே 59 பருவங்களில் ஏறத்தாழ 15 தலைமுறை மாணவர்கள் அவரிடம் வந்து போயினர். ஆசிரியருக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. எதிரே இருப்பவர்களுக்கு மட்டும் எப்போதும் 18 முதல் 22தான். ஆண்டுதோறும் முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். நமக்கும் ஜூன் மாதம் அப்படித்தானே விடிகிறது!

பேஸ்பாலின் இரண்டு வழக்கங்கள் நம் வகுப்பறைக்குப் பொருந்தும். முதலாவது, அதன் ஸ்கோர் பலகையில் ஓட்டங்கள், அடிகள் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே பிழைகளுக்கும் ஒரு கட்டம் உண்டு. பிழை மறைக்கப்படுவதில்லை, அதற்காக யாரும் ஆட்டத்தைவிட்டு விரட்டப்படுவதும் இல்லை. இரண்டாவது, தளத்தில் நிற்கும் தோழன் முன்னேறுவதற்காக, தான் அவுட் ஆவது தெரிந்தே மட்டையாளர் பந்தை மெல்லத் தட்டிவிடுவதுண்டு. அந்த முயற்சி அவருடைய சராசரிக் கணக்கில் சேராது. பிறருக்காக இழந்தவரின் எண்ணிக்கை குறையக் கூடாது என்று விதியே காக்கிறது.

நம் கணக்கில் அப்படி ஒரு விதி இல்லை. காலாண்டில் 12 மதிப்பெண் எடுத்த மாணவன் அரையாண்டில் 24 எடுத்தால், அவன் இரு மடங்கு வளர்ந்திருக்கிறான். 35ஐத் தொடாததால் தேர்ச்சிப் பட்டியலில் அவன் அடியில் அதே சிவப்புக் கோடு. தன் பக்கத்து மாணவிக்கு வகுத்தலைச் சொல்லிக்கொடுத்துத் தன் பயிற்சியை முடிக்காமல் விட்ட சிறுமிக்கும் எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் இல்லை. அரையாண்டுக்குப் பின் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வரிசையிலிருந்துதான் போகிறார்கள்.

தேர்ச்சிப் பட்டியலை நாம் மாற்ற முடியாது. நம் மேசையில் இருக்கும் ஏட்டை மாற்றலாம். என் வகுப்பு ஏட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று கட்டங்கள் வைத்திருக்கிறேன்: சென்ற தேர்விலிருந்து எவ்வளவு உயர்ந்தார், எந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்தார், யாருக்கு உதவினார். மாதம் ஒருமுறை அதை அவர்களிடமே காட்டுகிறேன். மதிப்பெண் குறைந்த பிள்ளையும் தன் பெயருக்கு நேரே ஏதோ ஒன்று எழுதியிருப்பதைப் பார்க்கிறது. அடுத்த வாரம் தேர்வு என்றால் வகுப்புக்கு வருகிறது. தாங்களும் ஒரு பருவம் முயன்று பாருங்கள்.