பெற்றோரை எதற்காக அழைக்கிறோம்? ஆசிரியர் பயிற்சியில் விடுபட்டுப்போன பாடம்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் நம் வீடுகளில் பிள்ளையைப் பார்த்து முதலில் கேட்பது, "என்ன செஞ்சுட்டு வந்தே?" என்றுதான். நல்ல செய்தி சொல்வதற்காகப் பள்ளியிலிருந்து அழைப்பார்கள் என்று நாம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. கட்டணம் பாக்கி, மார்க் குறைவு, அடிதடி. இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். பெற்றோர் கூட்டத்துக்கு உம்மா மட்டும் வருவார். வரிசையில் நிற்பார். "வீட்டுல கவனிக்கறதே இல்லையாம்மா?" என்ற கேள்விக்குத் தலையாட்டிவிட்டு, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுத் திரும்புவார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வராவிட்டால், "இந்த வீட்டுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஆசிரியர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். வந்தபோது அவருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இதில் ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறன் பயிற்சி பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் வட்டார அளவில் பயிற்சிகள் நடக்கின்றன. பாடத்தை எப்படி நடத்துவது, தேர்வை எப்படி மதிப்பிடுவது, செயலியில் எப்படிப் பதிவேற்றுவது என்பவற்றுக்கே அந்த நேரத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உம்மாவிடம் அவருடைய மகனைப் பற்றி எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்திறன்தான். அதைத் தனிமனித சுபாவம் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள சாக்ரமென்டோ நகரில் இதைப் பயிற்சியாகவே ஆக்கினார்கள். 1990களில் அங்கே ஏழைக் குடும்பங்களுக்கும் பள்ளிகளுக்கும் நடுவே பெரும் அவநம்பிக்கை இருந்தது. வழிபாட்டுத் தலங்களை அடித்தளமாகக் கொண்ட ஓர் உள்ளூர் மக்கள் அமைப்பு குடும்பங்களின் குறைகளைக் கேட்டறிந்தது. (நம் ஜமாஅத்துகள் இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்கலாம்.) பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து 1998இல் வீட்டுச் சந்திப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிறகு அது பல மாநிலங்களுக்கும் பரவியது.

அதன் விதிகள் எளிமையானவை. முன்கூட்டியே சொல்லி, குடும்பம் சம்மதித்த பிறகே போக வேண்டும். ஆசிரியரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. இருவராகப் போக வேண்டும். அதற்கு முன் பயிற்சி உண்டு. பள்ளி நேரத்துக்கு வெளியே செய்யும் வேலை என்பதால் தனி ஊதியமும் உண்டு. பின்தங்கிய பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் போகக் கூடாது. எல்லா வகைப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போக வேண்டும். இல்லையென்றால் "டீச்சர் வந்தாங்க" என்பதே அந்தத் தெருவில் ஓர் அவமானமாகிவிடும். நம் விஷயத்தில் இது ரொம்பப் பொருந்தும். இங்கே ஆசிரியர் வாசலில் வந்து நின்றால் அது இடைநின்ற பிள்ளைகளின் கணக்கெடுப்பாக இருக்கும், அல்லது வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பாக இருக்கும்.

முதல் சந்திப்பில் மார்க் பற்றியும் நடத்தை பற்றியும் பேச்சு எடுப்பதில்லை. "உங்க பிள்ளை என்னவா வரணும்னு ஆசைப்படுறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இதற்குப் பயிற்சி எதற்கு என்று தோன்றலாம். அறிவுரை சொல்லியே பழகியவர்களுக்குப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது எவ்வளவு கடினம் என்பது முயன்று பார்த்தால்தான் தெரியும். இந்தச் சந்திப்புகளை ஒழுங்காக நடத்திய பள்ளிகளில் பிள்ளைகள் அடிக்கடி விடுப்பு எடுப்பது குறைவாக இருந்ததாக, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் 2018ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது.

இதற்கும் முன்னால், அரிசோனாவின் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இன்னொரு படி மேலே போனார்கள். மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் கற்றுக்கொள்பவர்களாகப் போனார்கள். மெக்சிகோ மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்றுவந்த ஒரு சிறுவனால் மிட்டாயே வகுப்பில் ஒரு பாடமானது. மிட்டாய் செய்யத் தெரிந்த ஒரு தாய் வகுப்புக்கு வந்து கற்றுக்கொடுத்தார். 1992இல் வெளியான அவர்களின் கட்டுரை இன்றும் ஆசிரியர் கல்வியில் படிக்கப்படுகிறது. பாய் நெசவு, தோல் பதனிடுதல், ரத்தின வியாபாரம், கடல் தொழில் என்று நம் குடும்பங்களில் இருக்கும் அறிவு நம் வகுப்பறைக்குள் எத்தனை முறை நுழைந்திருக்கிறது?

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். ஆனால் சிறுபான்மைப் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை சொல்வதோடு சரி என்று 2012இல் திருத்தம் வந்தது. நம் நிர்வாகங்கள் அந்தத் திருத்தத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளாமல், உம்மாக்களை அந்த நாற்காலிகளில் உட்கார வைத்துக் கேட்கலாம்.

நம் ஊர்களுக்குச் சில மாற்றங்கள் தேவை. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு ஆசிரியைகள் போகட்டும். வாப்பாவை வீடியோ அழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை வளைகுடாவில் பலருக்கு விடுமுறை. வீட்டுக்கு வருவதை விரும்பாதவர்களை மதரஸாவிலோ நூலகத்திலோ சந்திக்கலாம். முக்கியமாக, இதைச் "சேவை" என்று சொல்லிக் குறைந்த சம்பள ஆசிரியைகளின் தலையில் இலவசமாகக் கட்டினால் இரண்டு மாதத்தில் நின்றுபோகும். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன், பிள்ளையைப் பற்றிப் புகார் எதுவும் சேர்வதற்கு முன்பே, முதல் சந்திப்பு நடந்துவிட வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் பேச்சு மறுபடியும் மார்க்கில்தான் போய் நிற்கும்.