இறவைப் பம்பில் மின்சாரச் சிக்கனமும் ஜில்லாவின் செல்வ வளர்ச்சியும்

கோயமுத்தூர்ப் பிரதேசம் மழை குறைந்தது. கிணற்று ஜலமே அங்கு தோட்டப் பயிர்களுக்கு ஆதாரம். முற்காலத்தில் குடியானவர்கள் கவலையில் எருதுகளைப் பூட்டி, சாலினால் ஜலம் இறைத்துச் சாகுபடி செய்து வந்தனர். 1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் மாகாணத்தின் மின்சார உற்பத்தியைப் பெருக்கின. பைக்காரா மின்சாரத்தினால் கோயமுத்தூரில் பஞ்சாலைகள் பெருகின. கிணறுகளில் பம்புகள் பரவின. காலக்கிரமத்தில் பம்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலைகளும் அங்கேயே வளர்ந்தன. இங்ஙனம் உழவும் தொழிலும் ஒரே மின்சாரத்தைக் கொண்டு விருத்தியடைந்தன.

ஆயினும், மின்சாரம் மிகுதியாகச் செலவாவதினாலேயே செல்வம் பெருகிவிடாது. ஒவ்வொரு யூனிட்டும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதே கவனிக்கத்தக்கது. 10,000 லிட்டர் ஜலத்தை 60 அடி உயரம் ஏற்றுவதற்கு, நஷ்டம் யாதும் இல்லையாயின், சுமார் அரை யூனிட் போதும். மோட்டார், பம்பு, குழாய் ஆகியவை சேர்ந்து நூற்றுக்கு 50 பங்கு திறனுடன் வேலை செய்தால் 1 யூனிட் செலவாகும். திறன் 25 பங்காகக் குறைந்தால் 2 யூனிட் வேண்டும். பயிருக்குக் கிடைத்த ஜலம் ஒன்றே. செலவு மட்டும் இரட்டிப்பு.

இந்நஷ்டத்திற்குக் காரணங்கள் பல. குழாய் குறுகலாயிருத்தல் முதலாவது. 2 அங்குலக் குழாய்க்குப் பதில் இரண்டரை அங்குலக் குழாய் வைத்தால், அதே அளவு ஜலம் ஓடும்போது உராய்வு நஷ்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடைபட்ட புட்வால்வு, அனாவசியமான வளைவுகள், தேய்ந்த பேரிங்கு, செம்மையின்றிச் சுற்றப்பட்ட காயில் ஆகியவையும் மின்சாரத்தை வீணாக்கும். வாய்க்காலுக்கு மேல் பல அடி உயரத்திலிருந்து ஜலத்தைக் கொட்டுவதும் வீணே.

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மின்சாரம் எல்லாக் குடியானவர்களுக்கும் இலவசமாக அளிக்கப்பட்டு வருகிறது. ஆகையால் இந்நஷ்டம் தோட்டக்காரர் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் அதன் செலவு பொதுப் பணத்திலிருந்தே கொடுக்கப்படுகிறது. மேலும், ஒரே டிரான்ஸ்பார்மரில் பல மோட்டார்கள் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் வோல்டேஜ் தாழ்ந்து, அண்டைத் தோட்டக்காரரின் மோட்டாரும் எரிந்துபோக நேரிடும். வீணாகாமல் மிஞ்சும் மின்சாரமோ தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் உதவும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நல்ல பம்பு கிடைத்ததென்று அதிக ஜலம் இறைத்தால் நீர்மட்டம் இறங்கும். ஜலம் 60 அடியிலிருந்து 120 அடிக்கு இறங்கின் மின்சாரச் செலவு இருமடங்கு. 600 அடிக்கு இறங்கின் பத்து மடங்கு. சிக்கனத்தின் பலன் முழுவதும் ஆழத்திலேயே மறைந்துவிடும். ஆகவே பம்பைச் சீர்செய்வதுடன் சொட்டு நீர்ப்பாசனம், மூடாக்கு, குறைந்த ஜலம் கோரும் பயிர்கள் ஆகியவற்றையும் கைக்கொள்ள வேண்டும்.

பரீட்சை எளிது. 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறதென்று, கிணற்று நீர்மட்டத்துடன் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு அதே நீர்மட்டத்தில் கூடுதல் நேரம் ஆகுமாயின், பம்பையும் குழாயையும் உடனே பழுது பார்ப்பது நலம். கிராம உத்தியோகஸ்தர்கள் தங்கள் கிராமத்தில் முதலில் நாலைந்து கிணறுகளிலேனும் இதைச் செய்து காட்டுவார்களாயின், ஏனையோரும் பின்பற்றுவர்.