பெட்டியில் அச்சிட்ட உயரம்: டிரைபாட் வாங்குவோர் அறிய வேண்டிய உரிமைகள்

டிரைபாட் எனப்படும் மூன்றுகால் கேமரா தாங்கியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் உயரமும் எடை தாங்கும் அளவும், விற்பவர் வாங்குபவருக்கு எழுத்தில் தரும் உறுதிமொழிகளாகும். அவை பொய்த்தால் மாற்றுப் பொருளோ பணமோ இழப்பீடோ கேட்பதற்கு இந்தியச் சட்டத்தில் தெளிவான இடமுண்டு. இதை மற்ற எவரையும்விட, ஆறடிக்கு மேல் உயரம் கொண்ட ஒளிப்படக் கலைஞர்கள் நன்கு அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் குறைந்த விலையில் விற்கும் தாங்கிகளுள் பெரும்பாலானவை நடுத்தர உயரம் உள்ளவர்களுக்கே பொருந்துவன. அவற்றை வாங்கும் உயரமானவர் முதலில் பணத்தையும், பிறகு கழுத்தையும் முதுகையும், சில வேளைகளில் கேமராவையே இழக்க நேர்கிறது.

கொங்கு வட்டாரத்தில் இந்த இழப்பு சிறியதன்று. இங்குள்ள கொங்கு வேளாளர் திருமணங்களில் இணைச்சீர் முதலான சீர்ச் சடங்குகள், அவற்றை நடத்திவைக்கும் அருமைக்காரர் முன்னிலையில் இரவில் தொடங்கி அதிகாலை முகூர்த்தம் வரை நீளும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உள்ளது. அத்தனை நேரமும் ஒளிப்படக்காரரும் வீடியோகிராபரும் தாங்கியின் பின்னால் நின்றாக வேண்டும். தாங்கி பதினைந்து செ.மீ. குட்டையாக இருந்தால், அந்தக் குறையை ஈடுகட்டுவது அவருடைய முதுகெலும்புதான். மணிக்கணக்கில் குனிந்தே நிற்பதால் வரும் கழுத்துவலியையும் இடுப்புவலியையும் தொழிலோடு ஒட்டிய விதியாக ஏற்றுக்கொள்ளும் மனப்போக்கு இத்தொழிலில் உள்ளது. அது மாற வேண்டும்.

தேவையான உயரத்தைக் கணக்கிடுவது கடினமன்று. மனிதரின் கண்மட்டம் தலையுச்சியிலிருந்து ஏறத்தாழ 12 செ.மீ. கீழே இருப்பதால், ஆறடி மூன்று அங்குலம், அதாவது 190 செ.மீ. உயரமுள்ளவருக்குக் கண்மட்டம் 178 செ.மீ. ஆகும். கேமராவின் அடித்தளத்துக்கும் கண் வைத்துப் பார்க்கும் துளைக்கும் இடையே சுமார் 9 செ.மீ. இருக்கும், கேமராவைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் தலைப்பகுதி, அது பால் ஹெட்டாக இருந்தாலும் வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட்டாக இருந்தாலும், 11 செ.மீ. அளவுக்கு உயரம் சேர்க்கும். இவ்விரண்டையும் கழித்தால் கால்கள் மட்டுமே எட்ட வேண்டிய உயரம் 158 செ.மீ. எனக் கிடைக்கிறது. அதோடு கணக்கு முடிவதில்லை. வால்பாறைச் சரிவில் கால்களுள் ஒன்றைப் பள்ளத்தில் ஊன்ற நேரும்போது அந்தக் கால் கூடுதலாக நீள வேண்டும். மரவுச்சியில் அமர்ந்த இருவாச்சியையோ பேரூர்க் கோயில் கோபுரத்தையோ நோக்கிக் கேமராவை மேலே சாய்க்கும்போது, பார்க்கும் துளை பின்பக்கம் தாழ்ந்துவிடுவதால் தாங்கியையே உயர்த்த வேண்டியிருக்கும். ஆகவே 190 செ.மீ. உயரமுள்ளவர், கால்கள் மட்டும் 170 செ.மீ. எட்டும் தாங்கியைத் தேடுவதே அறிவுடைமை.

'கால்கள் மட்டும்' என்னும் சொற்களே இங்கு முதன்மையானவை. பெரும்பாலான தாங்கிகளின் நடுவில் மேலும் கீழும் நகரும் ஒற்றைக் குழாய் ஒன்று உண்டு. அது நடுத்தண்டு எனப்படும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படும் உயரம், இத்தண்டை முழுவதும் உயர்த்திய நிலையில் அளந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். பொறுப்புள்ள உற்பத்தியாளர்கள் இரண்டு அளவுகளையும் தனித்தனியே தருகிறார்கள்: மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் 055 வரிசையில் மூன்றடுக்கு அலுமினியத் தாங்கிக்கு, தண்டை உயர்த்தினால் 170 செ.மீ., தாழ்த்தினால் 140 செ.மீ. என வெளிப்படையாகவே குறிக்கப்பட்டுள்ளது. தண்டைத் தாழ்த்திய அந்த 140 செ.மீ. அளவோடு தலைக்கும் கேமராவுக்குமான 20 செ.மீ. சேர்ந்தாலும், மேற்சொன்ன உயரமானவரின் கண்ணுக்கு இன்னும் 18 செ.மீ. குறைவாகவே கேமரா நிற்கும். தண்டை உயர்த்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட தண்டின் மறுமுனை, அதே பக்கவாட்டு விசைக்கு வளையும் அளவு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது என்பது பொறியியலின் அடிப்படை விதி. 15 செ.மீ. உயர்த்திய தண்டை 30 செ.மீ. உயர்த்தினால் நீளம் இருமடங்காகிறது, தள்ளாட்டமோ எட்டு மடங்காகிறது. விளக்கொளி குறைந்த அதிகாலை மண்டபத்தில் ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்கும்போது இந்தத் தள்ளாட்டமே படத்தில் மங்கலாகப் பதிகிறது.

உறுதியைக் காட்டும் இன்னொரு அளவு காலின் குழாய் விட்டம். சுவரின் தடிமன் மாறாத நிலையில் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடியில் உயர்வதால், 25 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் இருமடங்குக்கு மேல் விறைப்பானது. அடுக்குகள் கூடக் கூடக் கடைசி அடுக்கு மெலிந்துகொண்டே போகும். எனவே உயரமானவர் ஐந்தடுக்குத் தாங்கியின் கச்சிதமான மடிப்புக்கு மயங்காமல், கடைசி அடுக்கின் விட்டத்தைக் கேட்டறிய வேண்டும். எடை தாங்கும் அளவு எனப் பெட்டியில் காணப்படும் எண்ணைப் பொறுத்தவரை, அதை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொதுவான சோதனை முறை இல்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அந்த எண் தாங்கி முறியாமல் நிற்பதைப் பற்றியது. அசையாமல் நிற்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று, பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றும் அதே வேகத்தோடு திறந்தவெளித் தாங்கிகளையும் தள்ளுகிறது. உயரம் கூடிய தாங்கியில் எடைமையம் மேலே இருப்பதால் கவிழும் வாய்ப்பும் கூடுதல்; கால்களை முழுவதும் விரித்து, மணல் பையையோ கேமராப் பையையோ தரையைச் சற்றே தொடுமாறு கீழே தொங்கவிட்டால் அது ஊசலாடாமலும் எடை சேர்த்தும் காக்கும். இதனினும் பெரிய ஆபத்து மின்சாரம். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும் என்பது அனைவரும் அறிந்தது. கார்பன் இழையும் கடத்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. காட்டுப்பாதையிலோ மண்டபத்தின் மொட்டைமாடியிலோ தாழ்ந்து செல்லும் மின்கம்பிக்கு அருகில் நீண்ட தாங்கியைத் தோளில் செங்குத்தாகச் சுமந்து நடப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

இனி உரிமைகள். பொதியில் அடைத்து விற்கும் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, அதிகபட்ச விற்பனை விலையும், உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், பொருளின் அளவு முக்கியமானதாக இருக்கும்போது அந்த அளவும் பொதியின்மேல் குறிக்கப்பட வேண்டும். உயரத்துக்காகவே வாங்கப்படும் தாங்கிக்கு உயரம் முக்கியமான அளவன்று என எவரும் வாதிட இயலாது. தமிழ்நாட்டில் இவ்விதிகளை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை என்பதால், முகவரியே இல்லாத பெட்டியில் விற்கப்படும் தாங்கியைப் பற்றி மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையரின் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் செய்யலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' எனக் காந்திபுரத்துக் கடையின் ரசீதில் அச்சிடப்பட்டிருந்தாலும் அதற்கு அஞ்சத் தேவையில்லை. குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் முப்பது நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கையாகும். ரசீது தராமல் இருப்பதும் அவ்வாறே. இணையவழியில் வாங்கியவருக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணைநிற்கின்றன: விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

இவ்வளவையும் அறிந்த பின்னும் தொழில்முறை ஒளிப்படக்காரர் பலர் தயங்கி நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் எனச் சட்டம் சொல்கிறது. படமெடுத்துச் சம்பாதிப்பதும் வணிகம்தானே என அவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்த ஐயத்தைத் தீர்த்த வழக்கு கோவையோடு தொடர்புடையது என்பது பலருக்கும் தெரியாது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ், கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் சி.என்.சி. இயந்திரம் ஒன்றை 1990-இல் வாங்க ஏற்பாடு செய்து, தாமதமும் குறையும் இருந்ததாக நுகர்வோர் மன்றத்தை நாடியது. 1995 ஏப்ரலில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த இயந்திரத்தின் தன்மையை நோக்கி, வாங்கியவரை நுகர்வோராக ஏற்கவில்லை. ஆயினும் அதே தீர்ப்பில் ஒரு வாசலைத் திறந்து வைத்தது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும், தானே இயக்கிப் பிழைக்க லேத் வாங்குபவரும் நுகர்வோரே; உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் மட்டும் அந்நிலை பறிபோகாது. சுயதொழிலால் வாழ்வாதாரம் தேடுவதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்னும் அந்த விளக்கம் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. ஒளிப்படத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் என்னும் பெயரில், வேலையற்ற பட்டதாரிகள் சேர்ந்து பிழைப்புக்காகப் படம் அச்சிடும் இயந்திரம் வாங்கியிருந்தனர். ஆக்ஃபா இந்தியா நிறுவனத்துக்கு எதிரான அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களை நுகர்வோர் என ஏற்றது. எனவே கேமராவின் பின்னால் தாமே நிற்கும் ஈரோட்டு, நாமக்கல் ஒளிப்படக்காரர், 'இத்தாங்கி என் சுயதொழில் வாழ்வாதாரத்துக்காக வாங்கப்பட்டது' எனப் புகார் மனுவில் தெளிவாக எழுதுவது இன்றியமையாதது. ஆள்கள் பலரை அமர்த்திப் பல குழுக்களை அனுப்பும் பெரிய ஸ்டுடியோவின் நிலை இதனின்று வேறானது.

தாங்கியின் பூட்டு திடீரென நழுவிக் கேமரா விழுந்து உடைந்தாலோ அதைப் பயன்படுத்துபவருக்குக் காயம் ஏற்பட்டாலோ, அதே சட்டத்தின் 'பொருள் பொறுப்பு' என்னும் பகுதி பொருந்துகிறது. குறையுள்ள பொருளால் நுகர்வோருக்கு நேரும் உடற்காயத்துக்கும் பிற உடைமைச் சேதத்துக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குவது இது. பெட்டியில் கொடுத்த வெளிப்படையான உத்தரவாதத்துக்குப் பொருள் இணங்கவில்லையெனில், தாம் கவனக்குறைவாக இல்லை என உற்பத்தியாளர் மெய்ப்பித்தாலும் தப்ப இயலாது. உற்பத்தியாளர் யாரெனத் தெரியாத பொருளில் பொறுப்பு விற்றவரையே சேர்கிறது. ஆயினும் இரண்டு வரம்புகள் உண்டு: குறித்த எடைக்கு மேல் ஏற்றியோ பாகங்களை மாற்றியோ பயன்படுத்தியிருந்தால் விற்றவர்மேல் கோரிக்கை நிற்காது, கைநழுவிய திருமண வாய்ப்பின் வருமானம் போன்ற வணிக இழப்பை இப்பகுதியின்கீழ்க் கேட்க முடியாது.

தீர்வுக்கான வழி நீண்டதன்று. முதலில் விற்பவருக்கு எழுத்தில் புகாரும், அடுத்து 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைப்பும். அதன் பின்னும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாவட்டத்திலேயே, அதாவது கோவைக்காரர் கோவையிலேயே, வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு அனுப்பலாம், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அனுப்ப வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. உயரக் குறைவு அளவுநாடாவே காட்டிவிடும் குறை என்பதால், தண்டைத் தாழ்த்தியும் உயர்த்தியும் அளந்து எடுத்த ஒளிப்படங்களே பெரும்பாலும் போதுமான சான்றாகும்.

திருமண வீட்டார் ஒளிப்படக்காரரின் நுகர்வோர் என்பதையும் மறக்கலாகாது. தாங்கி சரிந்து மாங்கல்யதாரணம் பதிவாகாமல் போனால், சேவைக் குறைபாடு எனக் கூறி அவர்கள் ஒளிப்படக்காரர்மேல் இதே ஆணையத்தை நாட முடியும். அப்போது அவருக்குத் துணைநிற்கப் போவது ரசீது, பெட்டி, விளம்பரப் பக்கத்தின் நகல், முறிந்த கால் ஆகியவைதாம். ஆகவே உடைந்த தாங்கியைச் சரிசெய்து தருவதாகச் சொல்லிக் கடைக்காரர் கேட்டால், எந்தப் பாகம் எவ்வாறு உடைந்திருக்கிறது என்று எழுதிய, கடை முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் அதைக் கையிலிருந்து விடக் கூடாது.