ஜெபம் வறண்டுபோகும் காலம்: அன்னை தெரேசாவும் கடந்துவந்த இருள்

ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்கிறார். பாடற்குழுவில் பாடுகிறார். இரவில் முழங்காலிட்டு ஜெபிக்கவும் செய்கிறார். ஆனால் உள்ளத்தில் எதுவும் அசைவதில்லை. கடவுள் கேட்கிறாரா என்ற ஐயம் எழுகிறது. வெளியே சொன்னால், ‘விசுவாசம் குறைந்துவிட்டது’ என்பார்களோ என்ற அச்சத்தில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்.

இப்படித் தனியே தவிக்கும் கிறிஸ்தவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒன்று உண்டு. இந்நிலைக்குத் திருச்சபை மரபில் நெடுங்காலமாகவே ஒரு பெயர் இருக்கிறது. அதுதான் ‘ஆன்மிக வறட்சி’. புனிதர்கள் என்று போற்றப்படுபவர்களும் அதைக் கடந்து வந்துள்ளனர்.

அழிக்கச் சொன்ன கடிதங்கள்

1946ல் டார்ஜிலிங் சென்ற ரயிலில், ஏழைகளிடையே பணியாற்றும்படி கடவுள் அழைப்பதை அன்னை தெரேசா உணர்ந்தார். ஆனால் கோல்கத்தாவில் அப்பணியைத் தொடங்கிய சிறிது காலத்திலேயே, கடவுள் அருகில் இருக்கும் உணர்வு அவரை விட்டு அகன்றது. 1958ல் சில வாரங்கள் மட்டும் அந்த இருள் விலகியது. 1979ல் நோபெல் அமைதிப் பரிசு பெற்றபோதும் அது நீடித்தது.

இதை அவர் தம் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு மட்டுமே எழுதினார். கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார். ஆயினும் அவை பாதுகாக்கப்பட்டு, அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 2007ல் நூலாக வெளிவந்தன. அவருக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை என்று அப்போது சிலர் வாதிட்டனர்.

ஆனால் கடிதங்கள் முழுவதும் கடவுளுக்கான ஏக்கமே நிறைந்துள்ளது. இதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் இயேசு சபை இறையியலாளர் ஜோசப் நாய்னர். கடவுளை உணர்வது மட்டுமே அவரது இருப்புக்கு அடையாளமன்று. இந்த ஏக்கமே அவர் மறைவாக உடனிருப்பதைக் காட்டுகிறது என்று 1961ல் அவர் விளக்கினார். அதன் பிறகும் இருள் நீங்கவில்லை. எனினும், கைவிடப்பட்ட ஏழைகளின் வேதனையில் தமக்கும் பங்கு கிடைத்ததாக அன்னை அதை ஏற்றுக்கொண்டார்.

அவர் எந்தப் புனிதையின் பெயரைச் சூடிக்கொண்டாரோ, அந்த லிசியே நகர்க் குழந்தை தெரேசாவும் காசநோயுடன் போராடிய கடைசி 18 மாதங்களில் மறுவாழ்வு உண்டா என்ற ஐயத்தால் அலைக்கழிக்கப்பட்டார். 1897ல் தம் 24ஆம் வயதில் அவர் இறந்தார்.

பால் மறக்கடிக்கும் தாய்

இந்த அனுபவத்தை ‘இருண்ட இரவு’ என்று அழைத்தவர், 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த புனித சிலுவை யோவான். கார்மேல் சபையின் சீர்திருத்தத்தை எதிர்த்த சக துறவிகளே அவரை 1577ல் பிடித்துச் சென்று, தொலேதோ நகரில் ஒரு சிற்றறையில் அடைத்தனர். ஏறக்குறைய ஒன்பது மாதங்களுக்குப் பின் அவர் தப்பினார்.

அவர் தரும் உவமை நம் வீடுகளுக்கும் புதிதன்று. நம் தாய்மார்கள் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிப்பதுபோல, அவர் காட்டும் தாய் கற்றாழைச் சாற்றைத் தடவுகிறாள். பிள்ளையை இறக்கிவிட்டு நடக்கப் பழக்குகிறாள். பிள்ளைக்கு அது கொடுமையாகத் தெரியும். தாயின் அன்போ குறையவில்லை. அவ்வாறே, ஜெபத்தில் கிடைக்கும் இன்பத்துக்காக மட்டும் கடவுளைத் தேடும் நிலையிலிருந்து, கடவுளுக்காகவே கடவுளைத் தேடும் நிலைக்கு ஆன்மா வளர்கிறது என்கிறார் அவர்.

வறட்சியா, அலட்சியமா?

எல்லா வறட்சியும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. மூன்று அடையாளங்களைப் பார்க்கச் சொல்கிறார் யோவான். ஆன்மிகக் காரியங்களில் மட்டுமின்றி வேறு எதிலுமே மனம் சுவை காண்பதில்லை. கடவுளுக்கு உண்மையாக இல்லையே என்ற கவலை ஓயாமல் இருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் முன்போல் தியானிக்க முடிவதில்லை. அலட்சியத்தால் விலகியவருக்கு இரண்டாவது அடையாளமான அந்தக் கவலை இருக்காது.

முதல் அடையாளம் மனநோயாலும் வரலாம் என்று யோவானே எச்சரிக்கிறார். எனவே தூக்கமின்மை, பசியின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் போன்றவை சேர்ந்து வந்தால், ஜெபத்தோடு மருத்துவ உதவியும் உடனே தேவை. அதை நாடுவது விசுவாசக் குறைவாகாது.

என்ன செய்யலாம்?

இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் கூறும் வழி எளிது. மனம் இருண்டிருக்கும்போது, தெளிவான காலத்தில் எடுத்த முடிவுகளை மாற்றக்கூடாது. ஜெபத்தைச் சற்று நீட்டிக்கலாம். நம்பிக்கைக்குரிய வழிகாட்டியிடம் மனம் திறந்து பேசலாம்.

சொந்தச் சொற்கள் வராதபோது திருப்பாடல்கள் துணை நிற்கும். அவற்றில் 88ஆவது பாடல் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் திருச்சபை ஜெபமாகவே காத்து வந்துள்ளது. சிலுவையில் இயேசு எழுப்பிய குரலும், கைவிடப்பட்டவரின் முறையீடாகிய 22ஆவது பாடலின் தொடக்கமே.

சென்னைப் பரங்கிமலையோடு மரபு இணைத்துப் பேசும் புனித தோமையாரை நாம் ‘சந்தேகத் தோமா’ என்றே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் யோவான் நற்செய்தியில் ஒரு விவரம் உண்டு. மற்றச் சீடர்கள் சொன்னதை நம்ப மறுத்த பின்னரும் அவர் அவர்களைவிட்டுப் போய்விடவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது, தோமா அவர்களோடு அதே வீட்டில் இருந்தார்.