பிள்ளை பெற்றவளை யார் பார்ப்பது?



அன்னை மரியா எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருந்தார் என்கிறார் லூக்கா (1:56). நம் வீடுகளிலோ குழந்தை பிறந்ததும் எல்லார் கண்ணும் தொட்டில் மீதுதான். திருமுழுக்குக்குத் தேதி கேட்டு வருகிறவர்களிடம், "தாய் நலமா?" என்று நாமும் பெரும்பாலும் கேட்பதில்லை.

புனித ஜியான்னா பெரெத்தா மொல்லா ஒரு மருத்துவர். 1962 ஏப்ரல் 21-ல் பெண் குழந்தை பெற்றார். 28-ல் வயிற்றுக்குள் பரவிய நோய்த்தொற்றால் இறந்தார். 2004-ல் புனிதர் பட்டம் பெற்ற அவரது தியாகத்தைப் பற்றி மறையுரை வைக்கிறோம். பிரசவத்துக்குப் பிந்தைய அந்த ஏழு நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை.

சுகப்பிரசவமானாலும் 24 மணி நேரமாவது மருத்துவமனையில் இருக்க வேண்டும். பிறகு 48 முதல் 72 மணி நேரத்துக்குள், 7 முதல் 14 நாளுக்குள், ஆறாம் வாரத்தில் என மூன்று முறையாவது தாயையும் சேயையும் பரிசோதிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2022). குழந்தையைத் தடுப்பூசிக்குத் தவறாமல் தூக்கிப் போகிறோம். கூடவே போகும் தாயை யாரும் பார்ப்பதில்லை.

அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, கடும் தலைவலியோடு பார்வை மங்குதல், வலிப்பு, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது இரத்த அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் பின்னர் அது ஏறக்கூடும். "பச்சை உடம்பு, குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பதும் தவறு. பாலூட்டுகிறவளுக்குத் தாகம் அதிகம், கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

இன்னொன்று, இதில் நமக்கும் பங்குண்டு. காரணமின்றி அழுகிறாள், தூங்குவதில்லை, பிள்ளையைத் தொட மறுக்கிறாள் என்று இளந்தாய்மாரை மந்திரிக்கச் சொல்லி ஆலயத்துக்கு அழைத்து வருகிறார்கள். நாமும் தலையில் கைவைத்துச் செபித்து, தீர்த்தம் தெளித்து அனுப்பியிருக்கிறோம். அது பேயுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவம் தேவைப்படும் நோய். குழப்பமாகப் பேசினாலோ, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்ய நினைத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை தனியே விடக்கூடாது. செபத்தை வழியிலும் சொல்லலாம்.

திருச்சபையும் இதில் தாமதமாகவே விழித்தது. அருள்சகோதரிகள் பிரசவம் பார்க்க உரோமை பொது அனுமதி அளித்தது 1936 பிப்ரவரி 11-ல்தான்.

நமது அன்பியங்களில் குழந்தை பிறந்த வீட்டுக்கு மூன்றாம் நாளும், இரண்டாம் வாரத்திலும், ஆறாம் வாரத்திலும் ஒரு சகோதரி போய்வரட்டும். குழந்தையைக் கையில் வாங்குமுன் தாயிடம் பேசட்டும். அவசரத்துக்கு 108, மனநல ஆலோசனைக்கு 14416.